காக்கவும்

செப்டம்பர் 1

திருச்சபைகள் படைப்புக்காகச் செபிக்கும் படைப்பின் காலம் தொடங்கிவிட்டது, ஒக்டோபர் 4 வரை. 1989இல் கொன்ஸ்தாந்திநோபிள் பிதாப்பிதா திமித்ரியோஸ் இந்த நாளைப் படைப்புக்கான செபநாளாக்கினார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸும் சேர்ந்துகொண்டார். நம்மவர் பலருக்கு இது மரம் நடும் வாரம். ஞாயிறு வகுப்புக்கு ஆதியாகமம் 1, 2.

அறிக்கை வரவில்லை.

செப்டம்பர் 2

ஆதியாகமம் 1:28இல்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். "கீழ்ப்படுத்தி", "ஆண்டுகொள்ளுங்கள்". எபிரேயத்தில் கபாஷ், ராதா. இவற்றைப் பூசி மெழுகக்கூடாது. கபாஷ் கடுஞ்சொல்: யோசுவா 18:1இல் நாடு வசப்படுகிறது, எரேமியா 34:11இல் மனிதர் அடிமையாகிறார்கள். ராதாவுக்கு லேவியராகமம் 25:43 கடிவாளம் போடுகிறது, வேலைக்காரனைக் கொடூரமாய் ஆளாதே என்று. அடுத்த வசனத்தையும் விடாமல் வாசிக்க வேண்டும். 1:29இல் மனுஷனுக்குச் சாப்பாடு விதை தரும் செடியும் கனியும் மட்டுமே. இறைச்சிக்கு அனுமதி 9:3இல்தான், வெள்ளம் வடிந்த பிறகு. ஆட்டை ஆளலாம், அறுக்க முடியாது! என்ன ஆட்சி அது?

செப்டம்பர் 3

"பலுகிப் பெருகி" என்ற ஆசீர்வாதம் மீனுக்கும் பறவைக்கும்தான் முதலில் கிடைத்தது. 1:22.

செப்டம்பர் 5

சாயல். 1:27இல் தேவன் மனுஷனைத் தம் சாயலாகச் சிருஷ்டித்தார். எபிரேயத்தில் ட்செலெம் என்றால் சிலையும்தான். எகிப்திலும் அசீரியாவிலும் தெய்வத்தின் சாயல் அரசன். இங்கே ஆணும் பெண்ணுமாய் எல்லா மனிதரும். பகுத்தறிவா, ஆத்துமாவா, எது சாயல் என்று கிளறினால் வகுப்பு அங்கேயே நின்றுவிடும். உடம்பின் ஒரு பாகம்போல அதைத் தேடாமல், கொடுக்கப்பட்ட பொறுப்பாகச் சொன்னால் விளங்கும்.

உதாரணம் அற்றோணித் தத்துவம். வீட்டுக்காரர் கனடாவில் இருக்க, வெள்ளவத்தை வீட்டை இன்னொருவர் பார்க்கிறார். கையெழுத்து வைக்கலாம், கூரை திருத்தலாம். வீட்டு உறுதி அவர் பெயரில் இல்லை. லேவியராகமம் 25:23: "தேசம் என்னுடையதாயிருக்கிறபடியால், நீங்கள் நிலங்களை அறுதியாய் விற்கவேண்டாம்." நொத்தாரிசிடம் போய்வந்தவர்களுக்கு அந்த 'அறுதி' சட்டென்று பிடிபடும்.

ஓர் ஓட்டை: வீட்டுக்காரர் தூரத்தில் இருக்கிறார் என்றாகிவிடும். அதனால் சங்கீதம் 104:29-30ஐக் கூடவே வைக்க வேண்டும். சுவாசத்தை வாங்கினால் மாளும், ஆவியை அனுப்பினால் சிருஷ்டிக்கப்படும். செய்துவிட்டு விலகிப்போனவர் அல்ல.

செப்டம்பர் 6

ஆதாம், அதமா. மனுஷன், மண். தமிழிலும் காதுக்குச் சரியாகவே விழுகிறது.

அறிக்கை இன்றும் இல்லை.

செப்டம்பர் 8

2:15. "பண்படுத்தவும் காக்கவும்." அபாத், ஷாமார். எண்ணாகமம் 3:7-8இல் ஆசரிப்புக் கூடாரத்தில், அந்த வழிபாட்டிடத்தில், பணிசெய்த லேவியருக்குச் சொன்ன வேலைக்கும் இதே இரண்டு வினைகள். அபாத் உழைப்பு, ஆராதனையும் அதே சொல்தான். தோட்டம் கோயில், தோட்டக்காரன் குரு.

ஷாமார் விடமாட்டேன் என்கிறது. 3:24இல் ஜீவவிருட்சத்தின் வழியைக் காக்கக் கேருபீன்கள் என்னும் தூதர்கள். மனுஷனிடமிருந்த வேலை கைமாறிவிட்டது. 4:9இல் காயீன்: "என் சகோதரனுக்கு நான் காவலாளியோ?" எண்ணாகமம் 6:24, "உன்னைக் காக்கக்கடவர்". ஒரே வேர் என்பதற்காக ஒரே பொருள் என்று அடித்துச் சொன்னால் பிழை. எதிரொலி என்று சொல்லலாம். எனக்கு அது போதும், இந்த வாரத்துக்கு.

செப்டம்பர் 9

2021 மே மாதம் நம் கடலுக்கு வெளியே எரிந்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல். 1,486 கொள்கலன்கள், கரையெல்லாம் பிளாஸ்டிக் மணிகள், ஒதுங்கிய ஆமைகள். கடவுளின் தண்டனை என்று யாராவது சொல்லுவார்கள், தயாராக இருக்க வேண்டும். ஓசியா 4:1-3இன் வரிசையைக் காட்டினால் போதும்: உண்மையில்லை, இரக்கமில்லை, பொய், கொலை, களவு, அதற்குப் பிறகு தேசம் புலம்பும், கடைசியில் கடலின் மீன். இடி விழுந்த கதை இல்லை, மனிதரில் தொடங்கித் தண்ணீரில் முடிகிற கதை.

ரோமர் 8:22இல் சிருஷ்டி தவிக்கிறது, ஆனால் அது பிரசவவேதனை. சாகும் வேதனை என்று பவுல் எழுதவில்லை. இதை அவசரப்பட்டு ஆறுதலாக்கக்கூடாது.

செப்டம்பர் 11, விடியப்புறம் 2 மணி

சங்கீதம் 121:4. காக்கிறவர் உறங்குவதுமில்லை, தூங்குகிறதுமில்லை. அங்கேயும் ஷாமார்.

ஏழு மணிக்கு அங்கே நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பை வேறு யாராவது