டிக்கியில் வந்த ஜாடி

கீழ் வீட்டு அண்ணன் ஊரிலிருந்து அம்மாவின் அம்மியைக் கொண்டுவந்திருந்தார். கார் டிக்கியில், பழைய ஜமுக்காளத்தில் சுற்றி. இறக்க ஒரு கை கொடுத்தேன்.

சட்டென்று பாக்தாத் நினைவுக்கு வந்தது.

2003 ஏப்ரலில் ஈராக் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. தேடக் கிளம்பியவர் மேத்யூ போக்டனோஸ். அமெரிக்க மரைன் படை கர்னல், நியூயார்க் அரசு வழக்கறிஞர், போதாததற்குக் குத்துச்சண்டைக்காரர்.

ஆனால் அவர் முதலில் எடுத்த ஆயுதம் பொதுமன்னிப்பு. கொண்டுவந்து கொடு, யார் எவர் என்று கேட்க மாட்டோம். தெருத்தெருவாகப் போய் டீ குடித்துக்கொண்டே சொன்னார்கள்.

ஜூனில் ஒரு கார் வந்தது. டிக்கியில் வார்கா ஜாடி! பண்டைய ஈராக்கின் சுமேரியர் செதுக்கியது, 5000 ஆண்டுகள் பழசு, ஒரு மீட்டர் உயரம். துண்டு துண்டாக, போர்வைக்குள்.

அதே சூறையில் போன பாசெட்கி செப்புச் சிலை கிடைத்தது கழிவுக்குழியில். அரசனின் பெயரைத் தாங்கியது, பாவம்.

பிறகு மன்ஹாட்டனில் கடத்தல் பழம்பொருட்களுக்கென்றே தனிப்பிரிவு நடத்தினார். நம் கோயில் சிலைகளை விற்ற சுபாஷ் கபூரின் சரக்கைப் பிடித்ததும் அந்த அலுவலகம்தான். கபூருக்கு 2022-இல் கும்பகோணத்தில் 10 ஆண்டு சிறை.

எனக்கு என்னவோ அந்த டிக்கியைத் திறந்தவர்கள்தான் மனதில் நிற்கிறார்கள். வழியில் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி குதித்தபோது, பின்னால் திரும்பிப் பார்த்திருப்பார்களா?

அண்ணன் திரும்பிப் பார்த்தாராம். திண்டிவனத்திலிருந்து நாலு தடவை.