டேங்க்கின் மேல் இரண்டு கோடுகள்

என் தாய்மாமா தம் புல்லட்டை என்னிடம் ஒப்படைத்தது மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஆயுதபூசைக்கு மறுநாள். 1989ஆம் ஆண்டு மாடல். கறுப்பு நிறம், வார்ப்பிரும்பு என்ஜின், வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக். முழங்கால் தேய்ந்துவிட்டதால் அவரால் கிக்கரை உதைக்க முடியாமல் போயிருந்தது. ஹெட்லைட்டில் முந்தைய நாள் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, "மாப்ளே, இத இனி உன்ற வண்டியா ஆக்கிக்க. ஆனா நாலு பேரு போற ரோட்டுல ஓடற வண்டிங்கறத மறந்துறாத" என்றார். அவர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் நான் உடனே எடுத்துக்கொண்டேன். இரண்டாம் பாதி புரிவதற்கு ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது.

"என்னுடைய வண்டி" என்றால் பார்த்தவுடன் தெரியவேண்டும் என்று அப்போது எண்ணினேன். ஆகவே, முதல் மாதத்திலேயே பழைய ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு, உயரமும் அகலமும் கூடிய வேறொன்றைப் போட்டேன். சைலன்சரையும் மாற்றினேன். பின்சக்கரத்துக்கு அகலமான டயர் போட விரும்பினேன். அது செயினில் உரசும் என்று பட்டறைக்காரர் அளந்து காட்டி மறுத்துவிட்டார். அவர் மறுத்ததற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

ஹேண்டில்பாரை மாற்றியவர் கேபிள்களை மாற்றவில்லை. நானும் கேட்கவில்லை. உயரமான ஹேண்டிலுக்கு நீளமான கிளட்ச் கேபிளும் ஆக்சிலரேட்டர் கேபிளும் வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நேரான சாலையில் ஒரு குறையும் தெரியவில்லை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அவற்றில் ஒன்றில், இடப்பக்கமாக ஹேண்டிலை முழுக்கத் திருப்பிய கணத்தில், நான் முறுக்காமலேயே என்ஜின் உறுமி வண்டி முன்னால் பாய்ந்தது. ஹேண்டில் திரும்பியபோது, நீளம் போதாத கேபிள் இழுபட்டு ஆக்சிலரேட்டரைத் திறந்துவிட்டிருக்கிறது. கிளட்சைப் பிடித்து எப்படியோ நிறுத்திவிட்டேன். எதிரே பேருந்து வரவில்லை. ஓரமாக நின்று, என்ஜினை அணைத்துவிட்டு, ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தபோது, அந்தக் கறுப்புக் கேபிள் ஹெட்லைட்டுக்குப் பின்னால் வீணைத் தந்தியைப்போல் விறைப்பதைக் கண்ணாலேயே காண முடிந்தது. அன்று கீழே இறங்கிய ஒவ்வொரு வளைவும் எனக்கு நினைவிருக்கிறது.

சைலன்சர் கதை வேறு. உள்ளே தடுப்பு ஏதும் இல்லாத வெறுங்குழாய் அது. ஆக்சிலரேட்டரை விட்டதும் படபடவென்று வெடிக்கும். கேட்க வீரமாக இருந்த அந்த வெடிப்பு, புகைவழி திடீரென்று திறந்துகொண்டதால் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் கிடைக்காமல் என்ஜின் படும் திணறல் என்று பின்னர்தான் தெரிந்தது. கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் அளவைத் தீர்மானிக்கும் ஜெட் என்னும் சிறு துளைக்குழாயை மாற்றாமல் அப்படியே ஓட்டினால் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறும். அதைவிட, எங்கள் தெருவில் கைக்குழந்தை உள்ள வீடுகள் மூன்று. இரவுப் பணி முடிந்து நான் வரும் நேரத்தில் அந்த வீடுகளில் விளக்கு எரிவதைத் தொடர்ந்து சில நாள் கண்ட பிறகு, பழைய சைலன்சரைத் தேடி எடுத்து, குரோம் பூசக் கொடுத்து, மீண்டும் மாட்டிவிட்டேன். புல்லட்டின் ஓசையில் மயங்கியவர்களுள் நானும் ஒருவன். ஆனால் அந்த ஓசை, 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட சிலிண்டரில் பிஸ்டன் நிதானமாக ஏறி இறங்குவதால் வருவது. சைலன்சரைத் திறந்துவிட்டால் அந்தத் தாளம் இரைச்சலுக்குள் மூழ்கிப்போகிறது.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நிறத்தை மாற்றினால் ஆர்.சி. புத்தகத்திலும் அந்த மாற்றம் ஏறவேண்டும். நான் கறுப்பைக் கறுப்பாகவே விட்டதால் அந்த வேலை எனக்கு இல்லை. ஆனால் கறுப்பாகவே விட்டதற்குக் காரணம் சட்டம் அன்று.

ஏற்காட்டு நிகழ்வுக்குப் பிறகு சில மாதங்கள் எதையும் மாற்றாமல், சாலையில் போகும் மற்றவர்களின் வண்டிகளைக் கவனித்து வந்தேன். நம் ஊரில் வண்டியைத் தமதாக்கிக்கொள்ளும் வழக்கம் நெடுநாளாக இருப்பதுதான். மட்கார்டில் மகளின் பெயர், நம்பர் பிளேட்டுக்கு மேலே குலதெய்வம், டேங்க்கில் "அப்பாவின் பரிசு", ஹேண்டிலில் எலுமிச்சையும் மிளகாயும். இவற்றை மலிவான ரசனை என்று சிலர் ஒதுக்குகிறார்கள்; எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மகளின் பெயரை எழுதி ஓட்டுகிறவரின் வண்டியில், யார் ஓட்டுகிறார் என்பது பத்தடி தொலைவிலேயே தெரிகிறது. பல்லாயிரம் ரூபாய்க்கு வெளிநாட்டு உதிரிகளைப் பூட்டிய வண்டிகளில் அது தெரிவதில்லை. அவை ஒன்றைப்போல் ஒன்று இருக்கின்றன.

என் வண்டியையும் அப்படி ஒரு நாள் நிதானமாகப் பார்த்தேன். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. இராணுவத்துக்காக 350 சிசி புல்லட்டுகள் இங்கே உருவாயின. திருவொற்றியூர் ஆலையில் பிறந்த இந்த வண்டிகளின் டேங்க்கில் ஓடும் பொன்னிறக் கோடுகளை ஸ்டிக்கராக ஒட்டவில்லை. தொழிலாளர் தூரிகையைப் பிடித்துக் கையால் இழுத்தார்கள். மாமாவின் வண்டியிலும் அந்தக் கோடுகள் இருந்திருக்கின்றன. இடையில் ஒரு முறை வேறெங்கோ பெயின்ட் அடித்தபோது அவை மறைந்து, மேலே பெரிய ஸ்டிக்கர் ஒன்று வந்து, அதுவும் வெயிலில் சுருங்கி ஓரம் பிரிந்திருந்தது. இந்த வண்டிக்குப் புதிதாக எதையும் சேர்க்கத் தேவையில்லை, அது இழந்த கோட்டை என் விருப்பப்படி திரும்ப இழுக்கவேண்டும் என்று அப்போது தோன்றியது.

அதற்கு முன் உடம்புக்குப் பொருந்தும் வேலைகள் இருந்தன. மாமா ஆறடி உயரம். நான் அவர் தோளுக்குத்தான் வருவேன். சிக்னலில் நின்றால் எனக்கு முன்பாதம் மட்டுமே தரையில் படும். புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு என்று சென்னையில் ஒரு நாள் அலைந்து ஆயத்த சீட்டுகளைப் பார்த்தேன்; எதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் எங்கள் ஊரிலேயே லாரிகளுக்கு சீட் தைக்கும் ஒருவர், பழைய ஃபோமை ஒரு அங்குலம் குறைத்து, தொடை படும் முன்பகுதியை இருபுறமும் சரித்து, அடர்பழுப்பு ரெக்சினில் நேர்க்கோட்டுத் தையலாகப் போட்டுக் கொடுத்தார். பழைய ஹேண்டில்பாரை மீண்டும் மாட்டி, மணிக்கட்டு மடங்காத அளவுக்குச் சிறிது கீழே திருப்பி இறுக்கினோம். பார்ப்பவர் கண்ணுக்கு இந்த இரண்டும் மாற்றமாகவே தெரியாது. ஆனால் இரு கால்களையும் தரையில் ஊன்றி நின்ற அன்றுதான் வண்டி என்னுடையதாயிற்று.

பெயின்ட் வேலைக்குப் பதினாறு நாட்கள் ஆயின. டேங்க்கைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, பழைய பூச்சுகளை இரும்பு தெரியும்வரை நீக்கினோம். உள்ளே நான்கு அடுக்கு இருந்தது. கறுப்பு, அதன் கீழே மெரூன், அதற்கும் கீழே பட்டி, அடியில் ஆலையின் கறுப்பு. நசுங்கிய இடத்தை டிங்கரிங் செய்து, பட்டி போட்டு, வாட்டர் பேப்பரால் நீர்விட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்த்து, அதன் பிறகே கறுப்பு. தேய்ப்பதில் பெரும்பகுதியை நானே செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினால் மேடுபள்ளம் தெரியும். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரிகிறது.

கோடு இழுக்க ஆளைத் தேடி நாமக்கல் போனேன். லாரிக்கு பாடி கட்டும் ஊர் அது. அங்கே தலைப்பலகை எழுத்தும் பூவேலையும் இன்னும் கையால் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பாடிப் பட்டறையின் பின்கட்டில், அறுபதைக் கடந்த ஒரு பெயின்டரிடம் டேங்க்கைக் கொடுத்து, பொன்னிறக் கோடு வேண்டும் என்றேன். அவர் சிறிது நேரம் டேங்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கத்தூளு வேண்டாமுங்க தம்பி. ரெண்டு மூணு வருசத்துல கறுத்துப் பச்சை ஏறிரும். எனாமல்லயே கலந்து தாரேன், நிறத்த நீங்க சொல்லுங்க."

மஞ்சளோடு வெள்ளையும் துளி பழுப்பும் கலந்து ஒரு தகரத்துண்டில் தீற்றித் தீற்றிக் காட்டினார். ஆறாவது தீற்றல், அறுவடைக்குப் பின் ஓரிரு வாரம் வெயிலில் கிடந்த வைக்கோலின் நிறத்தில் இருந்தது. அதுவே போதும் என்றேன். மாமாவின் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த நிறம்தான்.

தூரிகை அணில் மயிரால் ஆனது. கைப்பிடி சுண்டுவிரல் அளவு, மயிரோ அதைப்போல் இரண்டு மடங்கு நீளம். பெயின்டில் தோய்த்து, தகரத்தில் இருபுறமும் இழுத்து மயிரைத் தட்டையாக்கிக்கொண்டார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தூரிகையைப் பிடித்து, சுண்டுவிரலை டேங்க்கின் விளிம்பில் வழிகாட்டியாக ஊன்றி, மூச்சை விட்டுவிட்டு இழுக்கத் தொடங்கினார். மணிக்கட்டு அசையவேயில்லை. தோளும் இடுப்பும் நகர்ந்தன. அவரே டேங்க்கைச் சுற்றி நடந்தார். முதலில் தடித்த கோடு. அதன் உட்புறம் மெல்லிய கோடு. பாதியில் ஒருமுறை நின்று, டர்பென்டைன் தோய்த்த துணியால் இழுத்ததை முழுவதும் துடைத்துவிட்டு, மறுபடி தொடங்கினார். எனக்கு அந்தக் கோட்டில் ஒரு குறையும் தெரிந்திருக்கவில்லை. "கோட்டப் பாக்காதீங்க தம்பி, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற சந்தப் பாருங்க. கண்ணு அதத்தான் பிடிக்கும்" என்றார். அதன் பிறகு சாலையில் எந்தப் பழைய புல்லட்டைக் கண்டாலும் அந்தச் சந்தைத்தான் என் கண் தேடுகிறது.

எனாமல் முற்றும் காய்ந்த பிறகே மேலே கிளியர் என்னும் நிறமற்ற பூச்சை அடிக்கவேண்டும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். காய்வதற்கு முன் அடித்தால் கோடு சுருங்கிவிடும். அடிக்காமலே விட்டால் பெட்ரோல் சிந்தும் ஒவ்வொரு முறையும் கரையும். பத்து நாள் வீட்டுக்குள் வைத்துக் காத்திருந்தோம். டேங்க்கின் இடப்பக்கம், முழங்கால் ரப்பருக்கு மேலே, தூரிகை மறுபடி பெயின்ட் எடுத்து வந்து சேர்ந்த இடத்தில், கோடு ஒரு மயிரிழை தடித்திருக்கிறது. அதைச் சரிசெய்து தருவதாக அவர் சொன்னார். வேண்டாம் என்றேன், ஒரு மனிதரின் கை அங்கே வந்து சேர்ந்தது என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம்.

வண்டியை மாமாவின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியபோது அவர் திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். கோட்டைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தார். ஏற்காட்டுக் கதையை அவரிடம் நான் சொன்னதேயில்லை. பிறகு வலப்பக்க டூல்பாக்ஸ் மூடியைக் காட்டி, "இத மட்டும் ஏன் உட்டுட்ட?" என்று கேட்டார்.

அந்த மூடிக்கு மட்டும் நான் பெயின்ட் அடிக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தினமும் காலையில் அவர் மின்னோட்டம் காட்டும் ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்து, சிலிண்டரின் அழுத்தத்தைத் தளர்த்தும் டீகம்ப்ரசரைப் பிடித்து, கிக்கரை உதைத்தபோதெல்லாம் அவருடைய கால் உரசி உரசி, கறுப்பு போய், உள்ளங்கை அகலத்துக்கு வெறும் இரும்பு பளபளவென்று தெரியும். காரணத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், பழைய பனியன் துணியில் சிறிது என்ஜின் ஆயிலைத் தோய்த்து எடுத்துவந்து, "மழைக்காலத்துல வாரம் ஒருக்கா தொடச்சிரு, இல்லீன்னா துரு ஏறிரும்" என்று கொடுத்தார். அந்தத் துணி இப்போது அந்த டூல்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது.