ஒரு வார்டுக்கு ஒரு நிறம்

2020 ஏப்ரலில், மாட்டுங்கா வீட்டுக்குள் அடைந்து உட்கார்ந்து மும்பை மேப்புக்கு நிறம் போட்டுக்கொண்டிருந்தேன். கொரோனா பரவினால் எந்தப் பகுதி அதிகம் அடிபடும் என்று முன்பே தெரிந்தால், பரிசோதனை முகாமும் ரேஷனும் முதலில் எங்கே போக வேண்டும் என்று அரசு முடிவெடுக்கலாம். எங்கள் சிறு குழுவுக்கு அதுதான் வேலை. கையில் இருந்ததோ 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஒரு வீட்டில் எத்தனை அறை, கழிப்பறை உண்டா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அந்தப் பகுதியில் முதியவர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால் ஓர் எண் வரும். எண் ஏற ஏற நிறம் சிவக்கும்.

மேப் கேட்டவர்கள் வார்டுக்கு ஒரு நிறம் போதும் என்றிருந்தார்கள். நகரில் அப்போது 24 நிர்வாக வார்டுகள். ஜி வடக்கு வார்டு நடுத்தரமான ஆரஞ்சில் வந்து நின்றது. பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. சிவாஜி பார்க் அந்த வார்டுதான்; தாராவியும் அந்த வார்டுதான். கடல்காற்று வரும் பெரிய ஃபிளாட்டையும், எட்டுப் பேர் படுக்கும் ஒற்றை அறையையும் கூட்டி வகுத்தால் யாருமே குடியிருக்காத ஒரு வீடுதான் கிடைக்கும்.

தாராவி 90 அடி சாலைப் பக்கம் இட்லி அவித்து விற்கும் திருநெல்வேலி அக்கா ஒருவரை எனக்குத் தெரியும். போன் செய்தேன்.

"வீட்டுக்குள்ளயே இருங்கன்னு சொல்றாங்க தம்பி. கக்கூசுக்கு எங்க போறது? தண்ணி வர்ற நேரத்துக்குத்தான் எல்லாரும் எழும்புவோம். அந்த நேரம் பாத்தா வரிசை தெருமுனை வரைக்கும் நிக்கும்."

எங்கள் பட்டியலில் 'வீட்டில் கழிப்பறை இல்லை' என்று ஒரு கட்டம் இருந்தது, அவ்வளவுதான். பொதுக் கழிப்பிடத்தில் ஒரு கதவுக்கு, அதாவது ஒரு கழிப்பறைக்கு, எத்தனை பேர், எத்தனை மணிக்குக் கூடுகிறார்கள் என்பதற்குக் கட்டமே இல்லை. தொற்று பரவுவது அந்த வரிசையில்தானே! மாநகராட்சிக் கணக்கில் தாராவியில் பொதுக் கழிப்பிடங்கள் சுமார் 450. தெரிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு, முடிந்தவரை கதவு எண்ணிக்கையோடு அவற்றைத் தனி லேயராகக் குறித்துக் கொடுத்தோம். அந்தக் கழிப்பிடங்களில் பிறகு தினமும் பலமுறை கிருமிநாசினி தெளித்தார்கள். எங்கள் மேப்பால் நடந்தது என்று சொல்ல மாட்டேன். அங்கே இறங்கி வேலை பார்த்த துப்புரவுப் பணியாளர்களுக்கு அது முன்பே தெரியும்.

ஜூலையில் மூன்று வார்டுகளில் நடந்த ரத்தப் பரிசோதனை ஆய்வின் முடிவு வந்தது. குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேரின் ரத்தத்தில் கொரோனா எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) இருந்தது; தொற்று ஏற்கெனவே வந்ததற்கான அடையாளம் அது. மற்ற குடியிருப்புகளில் 16 சதவீதம். மாட்டுங்கா இருக்கும் எஃப் வடக்கும் அந்த மூன்றில் ஒன்று.

இன்னொரு தவறும் அப்போதுதான் உறைத்தது. நெரிசல் கூடினால் தொற்று கூடும்; வயது கூடினால் உயிராபத்து கூடும். இரண்டையும் ஒரே எண்ணில் கூட்டியிருந்தோம். இளைஞர்கள் நெருங்கி வாழும் சந்துக்கும் முதியவர்கள் தனியே இருக்கும் அடுக்குமாடிக்கும் ஒரே மதிப்பெண் வரலாம். முன்னதற்கு வேண்டியது தண்ணீரும் கழிப்பறையும். பின்னதற்கு ஆக்சிஜன் படுக்கை. அப்புறம் இரண்டு மேப்களாகத்தான் கொடுத்தோம். ஒன்றாகவே தாருங்கள் என்று கேட்டவர்கள் திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் இரண்டாகவே அனுப்பினோம்.

2021 ஏப்ரலில் அக்காவே கூப்பிட்டார். "எங்க கக்கூஸ்ல ரெண்டு கதவு உடைஞ்சு கெடக்கு தம்பி. அதையும் குறிச்சுக்கோ." 12 என்று இருந்ததை அழித்து 10 என்று போட்டேன்.