ஒரு போன், மூன்று ஆள்

போன மாதம் வார்டன் வைஃபை ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக என் அறைக்கே வந்துவிட்டார். "ஏனுங் தம்பி, ஹாஸ்டல்ல இருக்கிற பசங்களை விட இதுல ஆளு ஏகத்துக்குக் காட்டுதுங்களே, பக்கத்து லைன் வீட்டுக்காரங்க நம்ம நெட்டை இழுக்கறாங்களா?"

பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் நெட்வொர்க் பார்க்கிறேன். எனக்கும் அதே சந்தேகம்தான். இரண்டு ராத்திரி லாக்கோடு (எந்தக் கருவி எப்போது இணைந்தது என்ற பதிவு) உட்கார்ந்ததில், பாதிக்கு மேல் மேக் முகவரிகளில் (வைஃபையில் ஒவ்வொரு கருவியும் காட்டும் அடையாள எண், ரிப்போர்ட் ஆளாக எண்ணுவது இதைத்தான்) இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ என்றே இருந்தது. அது கம்பெனி கொடுத்த முகவரி இல்லை, போன் தானே போட்டுக்கொண்ட வேஷம். 2019இல் ஆண்ட்ராய்டு 10, அடுத்த வருடம் ஐஓஎஸ் 14, இரண்டும் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் வேறு முகவரி காட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தன. நானோ ஏ பிளாக், பி பிளாக், மெஸ் என்று இடத்துக்கொரு வைஃபை பெயர் வைத்திருந்தேன் (புத்திசாலித்தனம் என்று நினைத்துத்தான்). ஏ பிளாக் பையன் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு பி பிளாக் நண்பனைப் பார்க்கப் போனால் ரிப்போர்ட்டில் மூன்று பேர். லைன் வீட்டுக்காரர்கள் பாவம்.

2001இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் 161 கட்டடங்களில் 476 ஆக்சஸ் பாயிண்டுகளை (வைஃபை சிக்னல் தரும் பெட்டிகள்) 11 வாரம் கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள். அப்போது லேப்டாப்பில் செருகும் வைஃபை கார்டை ஓர் ஆளாக வைத்து எண்ண முடிந்தது. சில கார்டுகள் எந்தப் பாயிண்டிலும் நிலைக்காமல் மாறிமாறித் தாவிக்கொண்டே இருந்ததையும் அதில்தான் கண்டார்கள். எங்கள் மாடிப்படி ஓர அறைகளில் இன்றைக்கும் அதே கூத்து, இரண்டு பாயிண்டுக்கு நடுவே போன் ஊசலாடும், பையன் "அண்ணா, நெட் சுத்திக்கிட்டே இருக்குதுங்ணா" என்று வந்து நிற்பான்.

சரி, மேக்கை விட்டுவிட்டு லாகின் பெயரை வைத்து எண்ணினேன். கணக்கு கிட்டத்தட்ட ஒத்துப்போனது. ஒரே பாஸ்வேர்டில் நாலு பேர் நுழைவது தனிக்கதை.

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் வார்டன் முகம் மலர்ந்தது. "அப்ப எவன் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்கான், எவன் எந்த ரூம்ல இருக்கான்னு சொல்லிப்போடலாமுங்களா?"

எனக்குத் திக்கென்றது. தலையணைக்கடியில் கிடக்கும் போன்கூட ராத்திரி முழுக்க வைஃபையில்தான் இருக்கும், பையன் தூங்கினானா என்று அது சொல்லாது என்றேன், அவர் நம்பவில்லை. அன்றைக்கே லாகின் பெயர்களை எடுத்துவிட்டு மணிவாரியாக எண்ணிக்கையை மட்டும் அச்சடித்துக் கொடுத்தேன். இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்.