நான்கு பூட்டு போட்ட சட்டம்

ஒரே பாலினத்தவர் திருமணம் சட்டமானால் பாதிரியாரையும் கோயில் ஐயரையும் மிரட்டி நடத்தச் சொல்வார்கள், மாட்டேன் என்றால் வழக்குப் போடுவார்கள் என்ற பயம் இன்னும் தீரவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிப்பட்ட முதல் திருமணங்கள் நடந்தது 29 மார்ச் 2014 அன்று. அதற்கு வழிவிட்ட 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மதகுருவையும் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தவே முடியாதபடிதான் அதை எழுதி வைத்திருக்கிறார்கள். எப்படி எழுதினார்கள் என்பதைப் பலர் படித்ததில்லை. படித்தால், எதிர்த்தவர்கள் சொன்னதில் எதற்குப் பதில் கிடைத்தது, எதற்குக் கிடைக்கவில்லை என்பது விளங்கும்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சட்டத்தை முழு மனதோடு ஆதரிக்கிறேன். அதே சமயம், எதிர்த்த சபைகளின் வாதத்தை நேர்மையாகக் கேட்க வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

2012 மார்ச்சில் பிரிட்டன் அரசு கருத்துக் கேட்டபோது 2,28,000க்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. அதே மாதம் இங்கிலாந்து, வேல்ஸ் கத்தோலிக்கப் பங்குகளில் இரண்டு ஆர்ச்பிஷப்களின் சுற்றுமடல் ஞாயிறு திருப்பலியில் வாசிக்கப்பட்டது. எதிர்ப்பு மனு ஒன்றில் ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். அரசின் முதல் திட்டத்தில் பதிவு அலுவலகத் திருமணத்துக்கு மட்டுமே இடம் இருந்தது. எந்த வழிபாட்டுத் தலத்திலும் நடத்தக்கூடாது என்று ஒட்டுமொத்தமாகத் தடுத்துவிட்டால் சபைகள் சமாதானம் ஆகிவிடும் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு தப்பியது. குவேக்கர்கள் என்ற சிறிய கிறிஸ்தவப் பிரிவினர் 2009லேயே யார்க் நகரில் கூடி, ஒரே பாலின ஜோடிகளுக்கும் தங்கள் முறைப்படி திருமணம் செய்துவைப்பது என்று முடிவெடுத்திருந்தார்கள். லிபரல் யூதர்களும் யூனிட்டேரியன்களும் அதே பக்கம். நடத்த விரும்பும் மதத்தைத் தடுப்பதும் மத சுதந்திரத்தில் கைவைப்பதுதானே? "மதம் எதிர்த்தது" என்று ஒருமையில் எழுதுகிறவர்கள் இந்த மூன்று சபைகளையும் மறந்துவிடுகிறார்கள்.

அதனால் 2012 டிசம்பரில் அமைச்சர் மரியா மில்லர் வேறு திட்டத்தோடு வந்தார். அதற்குத்தான் நான்கு பூட்டு என்று பெயர்.

முதல் பூட்டு 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவில் இருக்கிறது. மத அமைப்பையோ தனி மனிதரையோ "எந்த வழியிலும்" கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறது அது. அந்த எந்த வழியிலும் என்பதற்குள் ஒப்பந்தத்தைக் காட்டிக் கட்டாயப்படுத்துவதும் அடங்கும் என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்திருக்கிறார்கள். அந்தச் சிறிய சேர்ப்புதான் முக்கியம். ஒரு சபை தன் பாதிரியாரைப் பணி ஒப்பந்தத்தைக் காட்டி நெருக்க முடியாது. சபையே சம்மதித்திருந்தாலும் தனி ஒருவர் மறுக்கலாம்.

இரண்டாவது பூட்டுதான் நடைமுறையில் அதிகம் வேலை செய்வது. சபை தானாக முன்வந்தால் மட்டுமே கதவு திறக்கும். சும்மா இருந்தால் மறுத்ததாகத்தான் கணக்கு. ஒரு மெதடிஸ்ட் ஆலயத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் அந்த மதப்பிரிவின் மேலிடம் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். மெதடிஸ்ட் மாநாடு அதைத் தந்தது 30 ஜூன் 2021 அன்று, 254க்கு 46 என்ற வாக்கில். சட்டம் வந்து எட்டு வருடம் கழித்து, அவர்களே பேசி, ஜெபித்து, சண்டை போட்டு எடுத்த முடிவு. அடுத்து அந்த ஆலயத்தின் அறங்காவலர்கள் சம்மதிக்க வேண்டும். பிறகு சம்மதத்தின் நகலையும் சேர்த்து மாவட்டத் தலைமைப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு ஆலயத்தின் ஆயர் தன் மனசாட்சிப்படி முடியாது என்று சொல்லலாம். அவரை யாரும் கேள்வி கேட்க முடியாது.

தவறு நடப்பது பெரும்பாலும் இந்த விண்ணப்பத்தில்தான். ஐம்பது வருடமாக ஆண்–பெண் திருமணத்துக்குப் பதிவான கட்டடம் என்பதால் இதற்கும் அதுவே செல்லும் என்று நினைத்துவிடுகிறார்கள். செல்லாது. 1949ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தில் புதிதாகச் சேர்த்த 43A பிரிவின்கீழ் தனியாகப் பதிய வேண்டும். பதிவாளர் வராமலே திருமணத்தை நடத்த ஆலயத்தில் ஒருவருக்கு அதிகாரம் இருந்தால், அந்த அதிகாரமும் தானாக இதற்கு நீளாது. இரண்டு சபைகள் ஒரே கட்டடத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தால் இன்னும் சிக்கல்: முறையான பகிர்வு ஒப்பந்தம் உள்ள இடத்தில் எல்லாச் சபைகளின் சம்மதமும் வேண்டும். ஒன்று முரண்டினால் கட்டடம் பதிவாகாது. பதிவாகாத கட்டடம் என்று தெரிந்தே இருவரும் திருமணம் செய்துகொண்டால் அந்தத் திருமணமே செல்லாது. தேவாலயத்தில் பாட்டுப்பாடி, உறவுக்காரர்களைக் கூட்டி எல்லாம் முடிந்த பிறகு இது தெரியவந்தால் அந்த இருவரின் நிலை என்ன என்று யோசித்துப்பாருங்கள். நாள் குறிப்பதற்கு முன்பே பதிவுச் சான்றிதழைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

மற்றபடி சடங்கு எல்லோருக்கும் ஒன்றுதான். பதிவு அலுவலகத்தில் இருவரும் நோட்டீஸ் கொடுத்து 28 நாள் காத்திருக்க வேண்டும். திருமணம் நடக்கும்போது ஆலயக் கதவைத் தாழிடக்கூடாது. ஆட்சேபம் உள்ளவர் உள்ளே வரும் வழி திறந்தே இருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள். சட்டம் விதித்த உறுதிமொழி வாக்கியங்களை இருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது பூட்டு சிறியது. சமத்துவச் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்து, இத்தகைய திருமணத்தை நடத்த மறுத்த மதகுருமீது பாகுபாட்டு வழக்கே தொடுக்க முடியாமல் செய்தார்கள்.

நான்காவதுதான் விசித்திரமானது. இங்கிலாந்து திருச்சபையும் வேல்ஸ் திருச்சபையும் விரும்பினாலும் இந்தப் பதிவு வழியில் நுழைய முடியாது. அவர்களுடைய ஆலயங்களைச் சட்டம் அப்படியே வெளியே நிறுத்தியிருக்கிறது. ஏன் இந்தத் தனிக் கவனிப்பு என்று கேட்டால், எட்டாம் ஹென்றி காலத்துக்குப் போக வேண்டும்.

இங்கிலாந்து திருச்சபை அரசின் திருச்சபை. அதன் சபைச் சட்டம் நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி. பங்கு எல்லைக்குள் குடியிருப்பவர் எந்த மதத்தவரானாலும், ஞானஸ்நானம் பெறாதவரானாலும், அந்தப் பங்கு ஆலயத்தில் திருமணம் செய்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. செய்துவைக்க வேண்டியது பாதிரியாரின் கடமை. மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்தால் போதும், பதிவு அலுவலக நோட்டீஸ்கூட வேண்டாம். கத்தோலிக்கப் பங்குக்கோ மெதடிஸ்ட் ஆலயத்துக்கோ இப்படி ஒரு கடமை கிடையாது. திருமணம் என்பதற்கு நாட்டின் சட்டம் புதிய பொருள் கொடுத்த அன்றே, ஒரே பாலின ஜோடி ஒன்று பங்கு ஆலயத்துக்கு வந்து "எங்களுக்கும் ஓலை வாசியுங்கள்" என்று உரிமையோடு கேட்கலாம் என்ற கேள்வி எழுந்தது.

அதோடு இன்னொன்று. 1533ஆம் ஆண்டின் குருமார் கீழ்ப்படிதல் சட்டப்படி, சபையின் விதி எதுவும் நாட்டின் சட்டத்துக்கு முரணாக இருக்கக்கூடாது. சபையின் B30 விதியோ, திருமணம் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வாழ்நாள் முழுவதற்கும் இணைவது என்கிறது. புதிய சட்டம் வந்தால் பழைய விதி தானாகச் செத்துப்போகுமா? அதனால்தான் 2013 சட்டத்தின் முதல் பிரிவிலேயே இரண்டு காப்பு வைத்தார்கள்: அந்த விதி 1533 சட்டத்துக்கு முரண் ஆகாது, பாதிரியாரின் பழைய கடமை ஒரே பாலின ஜோடிக்கு நீளாது. சபை வக்கீல்களின் கவலை வெறும் பூச்சாண்டி இல்லை, சட்டப்படி நியாயமான கவலை. இதை ஆதரவாளர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் பூட்டு தேவைக்கு மேல் இறுகிவிட்டது என்பது என் கருத்து. இதற்கு முன்மாதிரி இருந்தது. விவாகரத்தானவர், முன்னாள் துணை உயிரோடு இருக்கும்போது மறுமணம் செய்வதைச் சபை ஏற்கவில்லை. 1937இல் விவாகரத்துச் சட்டம் தளர்ந்தபோது, மனசாட்சிப்படி மறுக்கப் பாதிரியாருக்கு உரிமை கொடுத்தார்கள். மறுப்பவர் மறுக்கலாம், சம்மதிப்பவர் நடத்தலாம் என்பதுதான் சட்டத்தின் நிலை. அந்த வழியில், சபை தன் விதியை மாற்றும் நாளில் தானாகத் திறக்கும்படி ஒரு கதவை வைத்திருக்கலாம். வேல்ஸ் திருச்சபைக்கு அப்படி ஒன்று வைத்தார்கள். அது 1920லிருந்தே அரசின் திருச்சபை இல்லை, திருமணக் கடமை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் ஆளுகைக் குழு தீர்மானம் போட்டால், நீதித்துறை அமைச்சரான லார்ட் சான்சலர் ஆணை பிறப்பித்து வழிவிடலாம் என்று 8ஆம் பிரிவு சொல்கிறது. இங்கிலாந்து திருச்சபைக்கு அவ்வளவு எளிய வழி இல்லை.

நாடாளுமன்றத்தில் பூட்டுகள் எதிர்ப்பைக் குறைத்தனவா? ஓரளவுக்குத்தான். 5 பிப்ரவரி 2013 அன்று மக்களவையில் மசோதா இரண்டாம் வாசிப்பை 400க்கு 175 என்று தாண்டியது. ஆனால் மசோதாவைக் கொண்டுவந்த கன்சர்வேட்டிவ் கட்சியிலேயே ஆதரித்தவர்களைவிட எதிர்த்தவர்கள் அதிகம். ஜூன் 4 அன்று பிரபுக்கள் சபையில் மசோதாவைக் கொன்றுவிடும் திருத்தம் 390க்கு 148 என்று தோற்றது. கான்டர்பரி ஆர்ச்பிஷப் ஜஸ்டின் வெல்பி மசோதாவை எதிர்த்துப் பேசினார். ஒன்பது பிஷப்கள் அந்தத் திருத்தத்துக்கு வாக்களித்தார்கள். தோற்ற பிறகு பிஷப்கள் மசோதாவைச் சீர்செய்யும் வேலையில் இறங்கினார்கள். அந்தப் பக்குவத்தை மதிக்கிறேன்.

பூட்டு எட்டாத இடங்களும் உண்டு, அங்கேதான் உண்மையான மோதல். அரசுப் பதிவாளருக்கு விலக்கு இல்லை. லண்டனின் இஸ்லிங்டன் கவுன்சிலில் சிவில் பார்ட்னர்ஷிப் (இந்தச் சட்டத்துக்கு முன்பே ஒரே பாலின ஜோடிகளுக்கு இருந்த சட்டப் பதிவு) செய்ய மறுத்த கிறிஸ்தவப் பதிவாளர் ஒருவரின் வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2013 ஜனவரியில் தோற்றது. கார்ன்வாலில் தங்கும் விடுதி நடத்திய கிறிஸ்தவத் தம்பதி, சிவில் பார்ட்னர்ஷிப்பில் இருந்த இரண்டு ஆண்களுக்கு இரட்டைக் கட்டில் அறை தர மறுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். வேறுபாடு எங்கே என்றால், பாதிரியார் தன் சபையின் சார்பில் நிற்கிறார். பதிவாளர் வரி கட்டும் எல்லோருக்கும் பொதுவான கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறார். காசு வாங்கி அறை விடுகிறவர் எல்லோருக்கும் கடை திறந்திருக்கிறார். இந்தக் கோடு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

லண்டன் தமிழ்க் கோயில்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐயர் மந்திரம் சொல்லித் தாலி கட்டுவது மட்டும் இங்கே சட்டப்படி திருமணம் ஆகாது; கட்டடம் பதிவாகி, நோட்டீஸ் கொடுத்து, உறுதிமொழி சொன்னால்தான் ஆகும். பலர் பதிவு அலுவலகத்தில் எழுத்தை முடித்துவிட்டுப் பிறகு கோயிலுக்குப் போவது அதனால்தான். வெறும் சடங்கோடு நிறுத்தியவர்கள் பிரியும்போது விவாகரத்தும் கேட்க முடியாது, விவாகரத்தில் கிடைக்கும் சொத்துப் பங்கும் கேட்க முடியாது. முஸ்லிம் நிக்காஹ் ஒன்றைப் பற்றிய வழக்கில் 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக, இரண்டு பெண்கள் பதிவு அலுவலகத்தில் சட்டப்படி இணைந்து, பிறகு சம்மதிக்கும் ஓர் ஐயரை வைத்து வீட்டில் மாலை மாற்றிக்கொண்டால், அந்தச் சடங்குக்கு 2013 சட்டத்தின் அனுமதி எதுவும் வேண்டாம். கோயிலுக்குள்ளேயே சட்டப்படி நடத்த வேண்டும் என்றால்தான் 43A. மெதடிஸ்ட் மாநாடு போன்ற மேலிடம் இல்லாத கோயில்களில் அறங்காவலர் சபையேதான் அந்தச் சம்மதத்தையும் கொடுக்க வேண்டியிருக்கும். அவர்கள் கேட்டுக்கொள்ளாதவரை கோயிலுக்கு ஒரு மாற்றமும் இல்லை.

பூட்டுகளால் பதில் சொல்ல முடியாத ஒரு வாதம் மிச்சம் இருக்கிறது. 2012 ஜூனில் இங்கிலாந்து திருச்சபை எழுதிய பதிலில் அதுதான் வலுவான பகுதி. சட்டத்தில் "சிவில் திருமணம்", "மதத் திருமணம்" என்று இரண்டு கிடையாது; திருமணம் ஒன்றே, உள்ளே வரும் வாசல்கள்தான் பல. ஒரு வாசலில் வருகிறவர்களுக்காகப் பொருளை மாற்றினால் எல்லோருக்கும் மாறிவிடும் என்றார்கள். அது உண்மைதான். சட்டத்தை எழுதியவர்களே அந்த இடத்தில் தடுமாறினார்கள். ஒரே பாலினத் திருமணத்தில், உடலுறவு நிகழவில்லை என்பதைக் காட்டித் திருமணத்தை ரத்துசெய்ய முடியாது. பிறன்மனை உறவு என்பதும் எதிர்பாலினத்தவரோடு நடந்தால்தான் என்று பழைய பொருளிலேயே விட்டுவிட்டார்கள். என் பதில் இது: திருமணத்தின் சட்டப் பொருள் 1937இலும் எல்லோருக்கும் சேர்த்துத்தான் மாறியது. அன்று சபை தன் போதனையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. இன்றும் வைத்துக்கொள்ளலாம், சட்டம் தடுக்கவில்லை.

இப்போது நகர்வு நாடாளுமன்றத்தில் இல்லை, சபைகளுக்குள்தான். வேல்ஸ் திருச்சபை 2021 செப்டம்பரில், பதிவுத் திருமணம் முடித்து வரும் ஒரே பாலின ஜோடியை ஆலயத்தில் ஆசீர்வதிக்க ஐந்து வருடச் சோதனை அனுமதி கொடுத்தது. இங்கிலாந்து திருச்சபையில் 2023 டிசம்பரிலிருந்து, வழக்கமான ஆராதனைக்கு நடுவே அத்தகைய ஜோடிக்காக ஜெபிக்கலாம். தனி ஆராதனையாக நடத்த அப்போது அனுமதி இல்லை. புதிய வழிபாட்டு முறை ஒன்றை முழுமையாக அங்கீகரிக்க வேண்டுமானால் அதன் ஆளும் மன்றமான பொதுச் சங்கத்தின் பிஷப்கள், குருமார், சபையார் என மூன்று அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அதையும் தாண்டித் திருமணமே நடத்த வேண்டும் என்றால் B30 விதியை மாற்றி, நாடாளுமன்றம் வரை போய் நான்காவது பூட்டைக் கழற்ற வேண்டும். நடத்தத் தயாராக இருக்கும் பாதிரியார் ஒருவர், தன் பங்கிலேயே வளர்ந்த இரண்டு பேரிடம் இன்றைக்குச் சொல்லக்கூடியது, "பதிவு அலுவலகத்தில் முடித்துவிட்டு வாருங்கள், ஞாயிறு ஆராதனையில் உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்பதுதான்.