கிளைட் ஆற்றங்கரையில் பாதிக் கப்பல்கள்

கிளாஸ்கோவில் கெல்வின் ஆறு கிளைடில் வந்து சேரும் முனையில், ஒருகாலத்தில் கப்பல் கட்டிய இடத்திலேயே ரிவர்சைடு மியூசியம் நிற்கிறது. சாஹா ஹதீத் வடிவமைத்த கட்டடம், 2011-ல் திறந்தது. பழைய டிராம்களைச் சுற்றித்தான் கூட்டம். நான் நேரே கப்பல் மாதிரிகளிடம் போய்விட்டேன்.

இந்த ஆற்றில்தான் 1812-ல் ஹென்றி பெல்லின் 'காமெட்' நீராவிக் கப்பல் கிளாஸ்கோவுக்கும் கிரீனாக்குக்கும் இடையே பயணிகளை ஏற்றி ஓடத் தொடங்கியது. முந்தைய ஆண்டு வானில் தெரிந்த வால்நட்சத்திரத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். போர்ட் கிளாஸ்கோவில் ஜான் வுட் கட்டிய சின்ன மரக்கப்பல் அது. பிறகு கிளைட் கரை முழுக்கக் கப்பல் கட்டும் தளங்கள் முளைத்தன. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு நம் ஆட்களை ஏற்றிச் சென்ற 'ரஜூலா'கூட 1926-ல் இங்கே கட்டியதுதான்.

துடுப்புச் சக்கரக் கப்பல் மாதிரி ஒன்றின் அருகே குனிந்து பார்த்தேன். விரல் நகத்தைவிடச் சிறிய நங்கூரம், நூல் போன்ற சங்கிலி, சக்கரக் கூட்டின் மேல் விசிறியாக விரியும் செதுக்கல். உலோகப் பாகங்கள் பளபளக்கின்றன. பித்தளை கறுத்துப்போகும் என்பதால் இத்தகைய மாதிரிகளில் பொன், வெள்ளி முலாம் பூசுவது வழக்கம். கப்பலை வாங்கிய கம்பெனியின் அலுவலகத்திலும் பொருட்காட்சிகளிலும் வைக்கச் செய்தவை. அழகு கொள்ளை அழகுதான்.

ஆனாலும் என்னைக் கட்டிப்போட்டவை பாதி மாதிரிகள். நீளவாக்கில் பிளந்த கப்பல்போல ஒரு பக்கம் மட்டும் இருக்கும், மறுபக்கம் தட்டையான பலகை. இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே அமைவதால் பாதி போதும். மரக்கப்பல் காலத்தில் பலகைகளை அடுக்கி, கையால் தடவித் தடவிச் செதுக்கி வடிவம் பிடித்திருக்கிறார்கள். அடுக்குகளைப் பிரித்து அளந்து, பெருக்கி, தளத்தின் பெரிய தரையில் முழு அளவில் கோடு போட்டிருக்கிறார்கள். இரும்புக் கப்பல் வந்தபின் பாதி மாதிரியின் மேலேயே ஒவ்வொரு தகட்டின் எல்லையையும் வரைந்து, அந்த அளவைக் கொண்டு ஆலைக்குத் தகடு சொல்லி அனுப்பினார்கள். பொன்முலாம் மாதிரி கப்பலைப் பார்த்துச் செய்தது. இதைப் பார்த்துத்தான் கப்பலையே செய்தார்கள். எனக்கு இதன் மேல்தான் மரியாதை அதிகம்.

மறுநாள் ரயிலேறி டம்பார்ட்டன் போனேன். டென்னி என்ற கப்பல் கட்டும் நிறுவனம் 1883-ல் அமைத்த சோதனைத் தொட்டி அங்கே இருக்கிறது. ஏறத்தாழ 100 மீட்டர் நீளம். ஒரு கப்பல் கட்டும் தளம் தன் வேலைக்கென்றே கட்டிய முதல் தொட்டி இது. பாரஃபின் மெழுகில் வார்த்துச் சீவிய மாதிரியைத் தண்ணீரில் இழுத்து, எவ்வளவு எதிர்ப்பு வருகிறதென்று அளப்பார்கள். எந்த வேகத்துக்கு எவ்வளவு எஞ்சின் சக்தி வேண்டும் என்பது கப்பல் கட்டும் முன்பே தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் மெழுகை உருக்கி அடுத்த கப்பலுக்கு வார்ப்பார்கள்.

கிளாஸ்கோ போகிறவர்கள் டம்பார்ட்டனுக்கும் அரை நாள் ஒதுக்குங்கள். ரயிலில் அரை மணி நேரம்தான்.