செலவு எவ்வளவு ஆச்சு?

‘லஞ்சம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு லஞ்சத்தைக் கணக்கெடுக்க முடியாது என்பது எனக்குப் புரிய மூன்று நாள் ஆயிற்று.

சில வருஷங்களுக்கு முன், ஒரு கணக்கெடுப்பு நிறுவனத்துக்காகச் சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே ஆற்றோர ஊர்களில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். கடந்த 12 மாதத்தில் அரசு அலுவலகம் எதற்காவது போனீர்களா, போயிருந்தால் லஞ்சமோ அன்பளிப்போ கொடுத்தீர்களா என்று கேட்க வேண்டும். மூன்று நாளும் ஒரே பதில்தான்: “அதெல்லாம் இல்லய்யா.” சாயங்காலம் படிவங்களைப் புரட்டினால் அந்த வட்டாரமே, ஊழல் குறைந்த நாடு என்று பெயரெடுத்த டென்மார்க்.

நாலாம் நாள், வாரிசு சான்றிதழ் வாங்கிய கதையை ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். வாய் தவறி, “செலவு எவ்வளவு ஆச்சு அண்ணாச்சி?” என்றேன். கடகடவென்று கணக்கு வந்தது. ஜெராக்ஸுக்கு இவ்வளவு, மனு எழுதினவருக்கு இவ்வளவு, ‘உள்ள’ கொடுத்தது இவ்வளவு.

“அப்ப லஞ்சம் குடுத்திருக்கியளே?”

“லஞ்சமா? அது செலவுலா!”

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. அவரைப் பொறுத்தவரை லஞ்சம் என்பது பேப்பரில் வருவது. ரசாயனம் தடவிய நோட்டை வாங்கினவன் கையைக் கரைசலில் முக்கினால் இளஞ்சிவப்பாக மாறுமே, அது.

மேற்பார்வையாளரிடம் போனில் சொன்னேன். கேள்வியை மாற்றவே கூடாது என்றார். நீங்கள் ‘செலவு’ என்று கேட்டு, இன்னொரு மாவட்டத்துக்காரர் ‘லஞ்சம்’ என்று கேட்டால் இரண்டையும் எப்படிப் பக்கத்தில் வைப்பது? அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் ஒரே கேள்வியைக் கேட்டாலும் அது ஒவ்வொரு ஊர்க் காதிலும் ஒவ்வொரு மாதிரி விழுகிறதே, அதற்கு யார் என்ன செய்ய?

இரண்டு மாவட்டத்துக்கே இந்தப் பாடு என்றால் சுமார் 180 நாடுகளுக்கு? பெர்லினில் இருக்கும் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் என்ற ஊழல் எதிர்ப்பு அமைப்பு 1995 முதல் போடும் நாடுகளின் ஊழல் பட்டியலை அதற்குப் பிறகுதான் கவனமாகப் படிக்க ஆரம்பித்தேன். அதற்காக எந்த நாட்டிலும் யாரும் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. வல்லுநர்களிடமும் தொழில் நடத்துகிறவர்களிடமும் வேறு நிறுவனங்கள் கேட்டு வாங்கிய 13 மதிப்பீடுகளில், ஒரு நாட்டுக்குக் குறைந்தது 3 இருந்தால் அவற்றைச் சேர்த்துச் சராசரி போடுகிறார்கள். 0 என்றால் படுமோசம், 100 என்றால் சுத்தம். பெயரிலேயே இருக்கிறது, அது ஊழலைப் பற்றிய எண்ணத்தின் குறியீடு என்று. பிடிபட்டவர்களை எண்ணினால் என்ன என்று கேட்கலாம். அப்படி எண்ணினால் போலீஸ் தூங்குகிற ஊர்தான் உத்தம ஊராகிவிடும்.

பாளையங்கோட்டையில் நான் டீ குடிக்கும் கடையில் 2025-இல் ஒருவர் பேப்பரை மடக்கிக்கொண்டே, “93-ல இருந்து 96-க்குச் சறுக்கிட்டோம்லா” என்றார். அந்தப் பட்டியலில் இந்தியாவின் இடம் சறுக்கியது உண்மைதான். ஆனால் 2023-இல் நமக்கு 39 மதிப்பெண், 2024-இல் 38. அந்த ஒரு மதிப்பெண் பிழை வரம்புக்குள் அடங்கிவிடும் சமாச்சாரம். 2012-க்கு முன்னால் வந்த எண்களை இப்போதைய எண்களோடு ஒப்பிடவே கூடாது, கணக்குப் போடும் முறையே மாறிவிட்டது. இதை விளக்கத் தொடங்கினேன். அதற்குள் டீ ஆறிவிட்டது, அவரும் போய்விட்டார்.

இதே அமைப்பு 2020-இல் ஆசியாவின் 17 நாடுகளில் மக்களையே நேராகக் கேட்டதும் உண்டு. அரசு சேவைக்குப் போனவர்களில் 39 சதவீதம் பேர் கொடுத்ததாக இந்தியாவில் சொன்னார்கள். அந்த 17-இல் அதுதான் அதிகம். ஜப்பானில் 2. அதைப் படித்ததும் எனக்குக் கண்ணில் பட்டது 39 அல்ல, ‘போனவர்களில்’ என்ற சொல்தான்.

ஏனென்றால் போகாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாமனார் பெயரில் இருக்கும் 40 சென்ட் வயலுக்குப் பட்டா மாற்றாமலே காலம் தள்ளிய ஒரு பெண், “அங்க போனா அவ்வளவு செலவாகும், எங்கிட்ட ஏது?” என்றாள். என் படிவத்தில் அவள் ‘அலுவலகம் செல்லவில்லை’. அடுத்த கேள்விக்குத் தாவச் சொல்கிறது அம்புக்குறி. பேரம் படியாத அளவுக்கு விலை ஏறிவிட்டால் கணக்கில் லஞ்சம் குறைந்துவிடும் போல!

கடைசியாக ஓர் ஆச்சி. முதியோர் பென்சன் வந்ததும் அந்த அலுவலகத்துக்குப் போய் ஒரு கட்டு பனங்கிழங்கு கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

“அவிய கேட்டாவளா ஆச்சி?”

“கேக்கல எய்யா. நாந்தான் மனசு நிறைஞ்சு குடுத்தேன்.”

படிவத்தில் அன்பளிப்பு என்று இருக்கிறதே. கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ‘ஆம்’ என்று வட்டமிட்டேன். எழுந்து செருப்பை மாட்டும்போது ஆச்சி உள்ளே போய் வந்து என் பைக்குள் எதையோ திணித்தார். பஸ்ஸில் ஏறித்தான் பார்த்தேன். வேகவைத்த கிழங்கு, இன்னும் சூடு இருந்தது. வீரவநல்லூர் தாண்டுவதற்குள் தின்று முடித்துவிட்டேன்.